14,999 ரூபாயும் ஒரு சிட்டிகை உப்பும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஏற்காடு வீடியோ என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். காலையில் வீட்டில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

ஆர்.ஓ., அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கிற மெஷின், விற்கிற தம்பி ஒருவர் வந்தார். எந்தக் கம்பெனி என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். "தண்ணீரை இலவசமாக டெஸ்ட் செய்கிறோம் அக்கா" என்றார். இலவசம் என்றதும் எங்கள் அத்தை, தட்டுவடை செட் வீடியோவில் காரச் சட்னிக்காகச் சண்டை போட்டாரே அவரேதான், நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி இறங்குகிற மாதிரி ஒரு கருவியை வைத்து பிளக்கைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை! செங்காவி நிறத்தில் மேலே நுரை, கீழே கசடு. அவருடையது பளிங்கு மாதிரி அப்படியே. "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்றார் பாருங்கள், எனக்கு வந்ததே கோபம்.

விலை 18,500. அத்தை முகம் வெளுத்ததும் 14,999 ஆக்கினார். மிக்ஸி 4,200 என்றதற்கே நான்கு கடை ஏறி இறங்கியவள் நான்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். ஒரு சிட்டிகைக் கல்லுப்பு. அவருடைய தண்ணீரில் போட்டுக் கலக்கி, "இப்போ வைங்க தம்பி" என்றேன். "அது வேண்டாம் அக்கா" என்றார். நானே வைத்தேன். அதுவும் சாக்கடை! இதோ, இரண்டு டம்ளரும் கழுவாமல் இருக்கின்றன. எது யாருடையது, சொல்லுங்கள் பார்ப்போம். அத்தை கைதட்டினார். எனக்கு அவர் கைதட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அந்தக் கம்பியில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரையும், துரு மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் சும்மா இருக்கும். கசடு முக்கால்வாசி கம்பியிலிருந்து வந்தது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தத் தம்பி பிடித்தது உப்புத் தண்ணீர்க் குழாயில், அதாவது போர்வெல் தண்ணீர்! நாங்கள் குடிக்கிற மேட்டூர்த் தண்ணீர் குடத்தில் இருந்தது. போன வாரம் காட்டினேனே, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற அந்த டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணீர் லிட்டருக்கு 1,140 மில்லிகிராம், மேட்டூர் 230. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. 230-க்கு எதற்கு ஆர்.ஓ.? போர் மட்டுமே இருக்கிற வீடு என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

அப்புறம், மீட்டருக்குக் கிருமி தெரியாது. தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் நாள்கணக்கில் வைக்கிறோம், அங்கேதான் வம்பு. அதனால் நான் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டம்ளர்கள் அத்தையின் சீர் டம்ளர்களாம், இப்போதுதான் சொல்கிறார். துருக்கறை போக புளி போதுமா?