வேகமா ஓடுனா ரியல் டைம் ஆயிடுமா?

வணக்கம்ங்க. நம்ம வேலூர் பக்கத்து காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் காட்டும்போது "சார் இது ரியல் டைம் சிஸ்டம்"னு ஆரம்பிப்பாங்க, எப்படிப்பான்னு கேட்டா ப்ராசஸர் செம ஃபாஸ்ட்டு சார்னு பதில் வரும். அங்கதான் இடிக்குது.

பழைய பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி காட்பாடி ஜங்ஷன் போறீங்க, முக்காவாசி நாள் சீக்கிரமா போயிடுது, ஆனா கிரீன் சர்க்கிள்ல மாட்டுற அன்னிக்கு ட்ரெயினு போயிடும், சராசரி நேரத்த வெச்சிகிட்டு அன்னிக்கு இன்னா பண்றது? ரியல் டைம் ஓஎஸ்னா, அதாவது ரியல் டைம் வேலைக்கான ஆபரேட்டிங் சிஸ்டம்னா, ரொம்ப மோசமான சமயத்துலயும் இவ்ளோ நேரத்துக்கு மேல லேட் ஆவாதுன்னு அடிச்சி சொல்லணும். வீடியோ கால்ல ஒரு ஃப்ரேம் லேட்டானா படம் லேசா திக்கும், அவ்ளோதான், அது சாஃப்ட் ரியல் டைம். கார் மோதுனா ஏர்பேக் சில பத்து மில்லிசெகண்டுக்குள்ள விரியணும், அதுக்கப்புறம் விரிஞ்சி யாருக்கு லாபம், இது ஹார்ட் ரியல் டைம்.

சரி, முக்கியமான வேலைக்கு பிரியாரிட்டி, அதாவது முன்னுரிமை, ஏத்தி குடுத்துட்டா முடிஞ்சிதான்னா, இல்ல. 1997 ஜூலை 4 அன்னிக்கு நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்ல எறங்குச்சி, அதுல ஓடுனது விஎக்ஸ்வொர்க்ஸ், அசல் ரியல் டைம் ஓஎஸ்ஸேதான். ஆனா எறங்கி கொஞ்ச நாள்ல கம்ப்யூட்டர் தானா ரீசெட் ஆவ ஆரம்பிச்சிடுச்சி. வானிலை டேட்டா எடுக்கற சின்ன பிரியாரிட்டி டாஸ்க் ஒரு லாக்க (ஒரு நேரத்துல ஒரு டாஸ்க் மட்டும் வெச்சிக்கற பூட்டு) புடிச்சிகிட்டிருக்கு, அதே லாக் வேணும்னு பெரிய பிரியாரிட்டி டாஸ்க் காத்துகிட்டிருக்கு, நடுவுல நடுத்தர பிரியாரிட்டி டாஸ்க் பூந்து ஓடுது, சின்னதுக்கு சிபியூ, அதாவது ப்ராசஸர், கெடைக்கல, லாக்கும் வுடல, பெரியவரு வேலை முடிக்கலன்னு பார்த்த சிஸ்டம் தன்னையே ரீசெட் பண்ணிக்கிச்சி. லாக் வெச்சிருக்கறவனுக்கு, அது வேணும்னு நிக்கறவனோட பிரியாரிட்டிய தற்காலிகமா ஏத்தி குடுக்கற வசதி விஎக்ஸ்வொர்க்ஸ்லயே இருந்துச்சி, அந்த லாக்குக்கு மட்டும் ஆஃப்ல கெடந்துச்சி! பூமியிலேர்ந்தே அத ஆன் பண்ணி சரி பண்ணாங்க.

லினக்ஸ்ல வருஷக்கணக்கா தனி பேட்ச்சா சுத்திகிட்டிருந்த, லினக்ஸ ரியல் டைமுக்கு தயார் பண்ற ப்ரீஎம்ப்ட் ஆர்டி 2024ல 6.12 வெர்ஷன்ல மெயின் கெர்னலுக்குள்ளயே (கெர்னல்னா ஓஎஸ்ஸோட மையப் பகுதி) வந்துடுச்சி. அதுக்காக எல்லாம் ஆச்சின்னு நெனைக்காதீங்க, சில பிசி போர்டுல பயாஸ், அதாவது போர்டுலயே இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர், கெர்னலுக்கே தெரியாம சிபியூவ கொஞ்ச நேரம் எடுத்துக்கும், ஓஎஸ் இன்னா பண்ணும் பாவம். அதனால ப்ராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிங்க எவ்ளோ லேட் ஆவுதுன்னு அளக்கற சைக்ளிக்டெஸ்ட்ட நல்லா லோடு குடுத்து ராத்திரி முழுக்க ஓட வுடுங்க, காலைல வந்து ஆவரேஜ பாக்காதீங்க, மேக்ஸ், அதாவது அதிகபட்ச லேட், இன்னான்னு பாருங்க.