வேலையில் இருப்பதும் வேலையோடு இருப்பதும்

(மாவட்ட அளவிலான அரசு அலுவலகத் தலைவர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் அரசு வேலையை விட்டுப் போகிறவர்கள் மிகக் குறைவு. குரூப் 4 தேர்வுக்கு ஓராண்டில் 20 லட்சம் பேருக்கு மேலும் விண்ணப்பித்திருக்கும் மாநிலம் இது. கிடைத்த வேலையை யார் விடுவார்? அதனால், அலுவலகத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஈடுபாட்டோடுதான் இருக்கிறார்கள் என்று அலுவலகத் தலைவர்கள் எளிதாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். அந்த எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

கனடாவின் ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். வேலை பிடித்திருப்பதால் இருப்பவர், விட்டால் இழப்பு என்பதால் இருப்பவர், விட்டுப்போவது முறையல்ல என்று கருதி இருப்பவர். தனியார் கம்பெனியில் மனம் வெறுத்தவர் பெரும்பாலும் வேறு இடம் தேடிப் போய்விடுவார். அரசு அலுவலகத்தில் மனம் வெறுத்தவர் இன்னும் 25 ஆண்டுகள் அதே இருக்கையில் இருப்பார். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கும், கோப்பு மட்டும் நகராது. ராஜினாமா செய்தவர்களின் எண்ணிக்கையை வைத்து இங்கே எதையும் அளக்க முடியாது.

சம்பளத்தைப் பற்றி அமெரிக்காவின் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி அவர் கண்டது இது: சம்பளம், மேலதிகாரி, விதிமுறைகள் ஆகியவை மோசமாக இருந்தால் மனக்குறை பெருகும். அவை சரியாக இருந்தால் மனக்குறை தீருமே தவிர உற்சாகம் பிறக்காது. உற்சாகம் பிறப்பது வேலையின் உள்ளடக்கத்திலிருந்தும், சாதித்த உணர்விலிருந்தும், பாராட்டிலிருந்தும், பொறுப்பிலிருந்தும். இந்தப் பிரிவினையைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வுகள் பிறகு வந்தன. அரசு அலுவலகங்களுக்கு இதில் ஒரு திருத்தத்தை நான் கட்டாயம் சேர்ப்பேன். நம் ஊழியர்களைச் சம்பளத்தின் அளவைவிட, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தனக்கும் உள்ள வித்தியாசமே அதிகம் வாட்டுகிறது.

அதற்கு இடைநிலை ஆசிரியர்களின் ஊதியப் பிரச்சினையைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தமிழ்நாடு அரசு 1.6.2009 அன்று ஆணையாக வெளியிட்டது. அதற்கு முந்தைய நாள் வரை பணியில் சேர்ந்தவர்களின் பழைய அடிப்படை ஊதியம் 4,500 ரூபாய் 1.86 ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆனது. மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு ஊதியக்கட்டின் தொடக்கமான 5,200 ரூபாய். அதோடு சேரும் தர ஊதியம் இருவருக்கும் 2,800தான். ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். மே 31இல் சேர்ந்தவருக்கும் ஜூன் 1இல் சேர்ந்தவருக்கும் அடிப்படையில் 3,170 ரூபாய் வித்தியாசம், அதன் மேல் அகவிலைப்படியிலும் வித்தியாசம். ஏழாவது ஊதியக் குழு வந்தபோது பெருக்கும் எண் 2.57. அந்த 3,170ஐ 2.57ஆல் பெருக்கிப் பாருங்கள், 8,100ஐத் தாண்டும். இடைவெளியைக் குறைத்திருக்க வேண்டிய ஊதியத் திருத்தம் அதை அகலப்படுத்தியது.

ஆண்டுக்காண்டு அந்த ஆசிரியர்கள் சென்னைக்கு வந்து உண்ணாவிரதம் இருந்தது இதனால்தான். 5,200 ரூபாய் போதாது என்பது அவர்கள் வாதத்தின் மையம் அன்று. சம வேலைக்குச் சம ஊதியம் என்பதே முழக்கம். நிதித்துறை இதைச் செலவுக் கணக்காக மட்டுமே பார்த்தால், வகுப்பறையில் தினமும் என்ன கரைகிறது என்பது கணக்கில் வராது.

பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கும் இது பொருந்தும். 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களிடம் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. அதே பிரிவில், அதே வேலை பார்க்கும் மூத்தவருக்கு அந்தப் பிடித்தம் இல்லை, உறுதியான ஓய்வூதியம் உண்டு. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரே மொத்தத் தொகை) வந்த செவிலியர்கள், காலமுறை ஊதியம் (படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள முழுச் சம்பளம்) பெறும் செவிலியரோடு ஒரே வார்டில் ஒரே இரவுப்பணி பார்த்தார்கள். 2012இல் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் இந்த வரிசையில் வருபவர்கள்தான்.

இவையெல்லாம் கோட்டையில் முடிவாகிறவை, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஓர் ஊழியரின் மனத்தை முறிக்கும் காரணங்களில் பெரும்பகுதி அரசாணை எதுவும் தேவைப்படாமல் உங்கள் மேசையிலேயே உருவாகிறது. இனி அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒழுங்கு நடவடிக்கை. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17(அ) குற்றச்சாட்டு என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகள். 17(ஆ) என்றால் விசாரணை அலுவலர், சாட்சி, விசாரணை அறிக்கை, பதவியிறக்கம் முதல் பணியறவு (வேலையே பறிபோவது) வரை. பல இடங்களில் விளக்கம் கேட்டு முடித்திருக்க வேண்டிய தவறுக்கு 17(ஆ) கொடுக்கிறார்கள். ஏன்? பின்னாளில் யாரும் நம்மைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற அச்சம். கொடுத்த பிறகு விசாரணை அலுவலர் மாறுதலாகிப் போவார், புதியவர் நியமிக்கப்பட மாட்டார், கோப்பு உறங்கும். 17(ஆ) நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. இளையவர் மேலதிகாரியாக வந்து உட்காருவார். கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஆணை வந்தாலும் போன ஆண்டுகளை யார் தருவார்?

துறை விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் ஓராண்டைத் தாண்டக் கூடாது என்று பிரேம்நாத் பாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காமல் மூன்று மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்றது. இந்த இரண்டு கால வரம்புகளையும் ஒரு தாளில் எழுதி, நிலுவைக் குற்றச்சாட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். மாதம் ஒரு நாள் அந்தப் பதிவேட்டை நீங்களே பாருங்கள், கண்காணிப்பாளரிடம் விடாதீர்கள். தவறு செய்தவருக்குத் தண்டனை தாமதமானால், ஒழுங்காக வேலை பார்க்கும் மற்றவர்களும் நம்பிக்கை இழக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது வாய்மொழி உத்தரவு. மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘உடனே செய்யவும்’ என்று ஒரு வரி வரும். உதவியாளர் செய்வார். தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையில் எழும் ஆட்சேபணை) வந்தால் கோப்பில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், வாய்மொழியாக வரும் அறிவுறுத்தல்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. வழக்கு தொடுத்தவர்கள் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள். ஆனால் அந்தப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது இளநிலை உதவியாளருக்கு. நீங்கள் சொன்னதை மறுநாள் காலைக்குள் குறிப்புக் கோப்பில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தன் அதிகாரி தன்னை மாட்டிவிட மாட்டார் என்று தெரிந்தால், எந்த ஊக்கத்தொகையும் இல்லாமல் ஊழியர் துணிந்து முடிவெடுப்பார்.

பணிப்பதிவேட்டு வேலைகள் சிறியவையாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்பப்படாமல் இருக்கிறார், அதனால் தகுதிகாண் பருவம் (தொடக்கச் சோதனைக் காலம்) முடிந்ததாக ஆணை வரவில்லை, அதனால் பதவி உயர்வுக்குத் தகுதி இல்லை. அவரை அனுப்பினால் இருக்கை காலியாகிவிடும் என்று நிறுத்தி வைத்தவர் அலுவலகத் தலைவர். ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வருகிறது. நான்கே தேதிகள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் முன்பே பட்டியல் எடுத்தால் ஒருவருக்கும் தாமதமாகாது. தன் ஊதிய உயர்வுக்காகத் தன் அலுவலகத்திலேயே மனு எழுதி நிற்கிறவர், மறுநாள் பொதுமக்களின் மனுவை எந்த மனநிலையில் வாங்குவார்?

வேலைப் பங்கீட்டில் நடப்பது வெளிப்படையான அநியாயம். காலிப் பணியிடம் ஏற்பட்டால் கூடுதல் பொறுப்பு யாருக்குப் போகிறது? வேகமாக முடிப்பவருக்கு. முடிக்காதவரிடம் கொடுத்தால் தலைவலி என்பதால் அவர் தப்பிக்கிறார். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போனால் வேகமானவரும் மெதுவாகக் கற்றுக்கொள்வார். எல்லா இருக்கைகளின் தன்பதிவேடுகளையும் (தமக்கு வரும் தபால்களை ஊழியர் பதியும் ஏடுகள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதம் எத்தனை தபால் வந்தது, எத்தனை முடிந்தது என்று பார்த்துக் காலி இருக்கையின் வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். முழு இருக்கையையும் ஒருவர் தலையில் வைக்காதீர்கள்.

களப்பணியாளர்களின் நிலை வேறு. ஐயாயிரம் மக்கள்தொகைக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சமவெளியின் அளவுகோல். அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கு வேலையின் பயன் கண்முன்னே தெரியும். கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி, அந்தக் குழந்தை நடப்பது வரை. பொதுத்தொண்டில் உள்ள பற்றே ஊழியரை இயக்கும் விசை என்று ஜேம்ஸ் பெர்ரியும் லோயிஸ் வைஸும் 1990இல் எழுதியதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். அவரையும் நாம் சோர்வாக்கியிருக்கிறோம். ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றி, மாத அறிக்கையிலும் கேட்கிறோம். அங்கன்வாடிப் பணியாளருக்கு 2021இல், ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலி வந்தது. சிக்னல் இல்லாத ஊரில் பதிவு ஏறாவிட்டால் வேலையே நடக்கவில்லை என்று ஆய்வுக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்துகிறோம். செயலியை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அதில் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை மாவட்ட அலுவலகம் தனிப் படிவத்தில் கேட்பதை நாளையே நிறுத்தலாம்.

அலுவலகத்துக்குள் இருப்பவருக்கு அந்தப் பயன் தெரிவதே இல்லை. பட்டா மாறுதல் பார்ப்பவருக்கு அது ஓர் எண். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆணையை வழங்கும்போது, அந்தக் கோப்பை நகர்த்திய எழுத்தரை அழைத்து அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். செலவில்லாத வேலை, பலன் நிச்சயம்.

ஊழியர்களின் மனநிலையை அறியக் கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு பேர் உள்ள அலுவலகத்தில் வயது, பாலினம், பதவி மூன்றையும் கேட்டால் பெயர் கேட்டதற்குச் சமம். எல்லோரும் ‘முழுத் திருப்தி’ என்று எழுதிவிடுவார்கள். பல அலுவலகங்களைச் சேர்த்து நடத்துங்கள், இல்லையென்றால் நடத்தாதீர்கள். மாறுதல் கேட்டவர்கள் எத்தனை பேர், மருத்துவ விடுப்பு எந்தப் பிரிவில் கூடுகிறது, தகுதிகாண் ஆணை எத்தனை நிலுவை என்ற மூன்று கணக்குகள் அதைவிட உண்மை பேசும்.

கடைசியாக ஓய்வு பெறுகிறவர். ஓய்வு பெறும் நாளன்று பணியிடை நீக்கம் செய்து நிறுத்திவைக்கும் வழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. அதைத் தவிர்க்கும்படி 2021இல் அரசே அறிவுறுத்தியது. ஆனாலும் பணிப்பதிவேட்டில் ஒரு காலத்துக்குப் பணி சரிபார்ப்பு இல்லை, ஒரு தணிக்கைத் தடை நீங்கவில்லை என்று ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகாமல் நிற்பது இன்றும் நடக்கிறது. பணியில் இருக்கும் இளையவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியலை இந்த வாரமே எடுத்து, ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டையும் முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்து, விடுபட்ட பதிவுகளைப் பழைய அலுவலகங்களுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வர நான்கைந்து மாதம் ஆகும், அதனால்தான் இந்த வாரம் என்கிறேன்.