முதல் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான் என்று சொல்லித்தான் மைக்கையே கொடுத்தார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்: உள்ளாட்சியில் ஜெயித்து வருகிறவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேருகிற பிள்ளை பவானிசாகரில் இருக்கிற அரசுப் பயிற்சி நிலையத்துக்குப் போய் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும், அப்புறம் துறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும், இல்லையென்றால் வேலையில் அடுத்த படி ஏற முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊராட்சித் தலைவராக ஜெயித்து வருகிறவர் ஒரு வகுப்பில்கூட உட்காராமல் மறுவாரமே பணத்துக்குக் கையெழுத்துப் போடலாம், சட்டம் தடுக்காது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் கணக்கில் பணம் நகரும் என்பது நம் மாநிலத்து விதி. எந்தச் செலவுக்கு மன்றத் தீர்மானம் வேண்டும், எதற்கு எம்.புக்கில், அதாவது நடந்த வேலையை அளந்து எழுதுகிற புத்தகத்தில், அளவு ஏறியிருக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு பேரும் போட்டுவிட்டு, தணிக்கைக்காரர் வந்த பிறகு விழிக்கிறார்கள். நான் கணக்கு வகுப்பு எடுத்த காலத்தில் தலைவர்கள் பலருக்கும் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பிரிவு 205. தலைவரைப் பதவியிலிருந்து நீக்குகிற பிரிவு அது!

பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதற்குக் கீழே மண்டல மையங்கள் இருக்கின்றன, அழைப்பும் வருகிறது. என் சண்டை, அது எப்போது வருகிறது, எப்படி நடக்கிறது என்பதோடுதான். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது, ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மூன்று வருஷமாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பார்த்த நாற்காலியில் 2020 ஜனவரி 6 அன்று புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எண்பது நாள்கூட ஆகவில்லை, ஊரடங்கு. அப்போது தெருத்தெருவாக பிளீச்சிங் பவுடர் தூவியவர்களில் எத்தனை பேருக்கு அதைப் பற்றி யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அந்த பவுடரையே எடுத்துக்கொள்வோம். குடிநீர்த் தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது நடைமுறைக் கணக்கு, முப்பதாயிரம் லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். ஒரு ஊரில் டேங்க் ஆபரேட்டர் டீ கிளாஸில் அள்ளிப் போடுவதைப் பார்த்தேன். எவ்வளவு அண்ணே என்றேன், வாசனை வர்ற அளவுக்கு சார் என்றார். மூட்டை பிரித்து மாதக்கணக்காகியிருந்தது. பிரித்து வைத்த பவுடரில் குளோரின் நாளுக்கு நாள் குறையும், அதனால் கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கிட் அலுவலக பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தது. அந்த ஊர்த் தலைவர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர்தான், அங்கே குடிநீர் பற்றி ஸ்லைடும் காட்டியிருக்கிறார்கள், ஆனால் ஆபரேட்டரை யாரும் கூப்பிடவில்லை.

கட்டாயம் என்ற சொல்லில் எனக்கு பயம் இருக்கிறது. கட்டாயமாக்கினால் வருகைப் பதிவேடு நிரம்பும், குரூப் போட்டோ எடுப்போம், பை கொடுப்போம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதி நாற்காலி காலியாக இருக்கும். எனவே கட்டாயம் வேண்டும், ஆனால் உட்காருவதற்கு இல்லை, செய்து காட்டுவதற்கு. தலைவர், துணைத் தலைவர், ஊராட்சிச் செயலர் மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, அவர்கள் ஊர் ரொக்கப் புத்தகத்தையே கொண்டுவரச் சொல்லி, ஒரு மாதக் கணக்கை அவர்கள் கையாலேயே முடிக்க வையுங்கள். முடித்தால்தான் கையெழுத்து அதிகாரம். அதிகாரிகளுக்கும் இதையே சொல்வேன், பவானிசாகரில் இருபது வருஷத்துக்கு முன்னால் படித்ததை வைத்துக்கொண்டு இன்றைய ஆன்லைன் கணக்கைப் பார்க்க முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை எப்படியும் கூடுகிறது, ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் ஒன்றிய அலுவலகத்திலேயே அரை நாள் வைத்தால் போதும், யாரும் மறைமலை நகர் வரைக்கும் பஸ் ஏற வேண்டாம்.

பெண் தலைவர்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். சட்டம் பாதி இடங்களை அவர்களுக்குக் கொடுத்துவிட்டது, வகுப்புக்குக் கணவர் வருகிறார். பணம் அனுப்ப இப்போது பென் டிரைவ் மாதிரி ஒரு டிஜிட்டல் கையெழுத்துக் கருவி கொடுக்கிறார்களே, அது யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு அம்மா கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் ஜிஎஸ்டி பிடித்தம் பற்றி பேசிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கி, “சார், துணைத் தலைவர் கையெழுத்துப் போடமாட்டேன்னு மூணு மாசமா இழுத்தடிக்கிறார், தூய்மைக் காவலருக்குச் சம்பளம் போகலை, நான் யாருக்கு எழுதணும், எப்படி எழுதணும்?” என்றார். என் ஸ்லைடில் அது இல்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டிய கடிதத்தை அவரையே எழுதச் சொன்னேன், மீதி வகுப்பு முழுக்க அதுதான் நடந்தது.