மீனைப் பற்றிப் பேசினாலும் அரசியலா?

[காட்சி: விடியற்காலை. திருக்கடலூர்க் கரையில் வள்ளங்கள் கரையேறுகின்றன. பின்னால் கோணேசர் மலை.]

வணக்கம். திருகோணமலையில் எங்கள் பகுதி ஆட்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. குழாயில் தண்ணீர் எப்போது நிற்கும், யார் வீட்டில் மரணம், இந்நேரத்தில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று எல்லாம் அதில் வரும். குழுவின் முகப்பில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: ‘அரசியல் பதிவுகளைத் தவிர்க்கவும்.’ அந்த வரியைப் போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். தேர்தல் காலத்தில் சுவரொட்டிகள் மேல் சுவரொட்டிகளாக வந்து குவியும். மரண அறிவித்தல் அடியில் புதைந்துபோகும். செத்த வீட்டுக்குப் போக முடியாமற்போன கோபத்தில்தான் அந்த விதியை வைத்தோம்.

ஓர் இரவு, கடலுக்குப் போகும் அண்ணர் ஒருவர் அதில் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். சுருக்குவலைப் படகுகள் வெளிச்சம் போட்டுக்கொண்டு கரைக்குக் கிட்ட வந்து வளைக்கின்றன, சின்ன வலைக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, அதிகாரிகளிடம் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை. இவ்வளவுதான் அவர் சொன்னது. பத்து நிமிடத்தில் குழுவை நடத்துபவர் எழுதினார்: “அண்ணை, இங்கே அரசியல் வேண்டாம். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.” அவரும் அழித்துவிட்டார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு அதே குழுவில், அரசியல்வாதி ஒருவர் மதகு ஒன்றைத் திறந்துவைத்த படங்கள் வந்திருந்தன. கூப்பிய கைகளும் பூக்களுமாக வாழ்த்துகள் நிறைந்தன. அதை ஒருவரும் அரசியல் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நன்றி சொன்னால் அது செய்தி. குறை சொன்னால் அது அரசியல். எங்கள் சின்னக் குழுவில் நடந்த இதே காரியம்தான் கோடிக்கணக்கானவர்கள் பாவிக்கும் தளங்களிலும் நடக்கிறது. அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: கைபேசித் திரை. விரல் மேலே தள்ளத் தள்ளப் பதிவுகள் ஓடுகின்றன.]

2021 ஜனவரியில், அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டுச் சில வாரங்களில், முகநூல் நிறுவனத்தின் தலைவர் மார்க் சக்கர்பேர்க் ஓர் அறிவிப்புச் செய்தார். அரசியலும் சண்டையும் தங்கள் பக்கத்தை ஆக்கிரமிப்பதை மக்கள் விரும்பவில்லை, ஆகவே முகநூலில் அரசியலைக் குறைக்கப் போகிறோம் என்றார். 2024 பெப்ரவரியில், முகநூலை நடத்தும் அதே மெட்டா நிறுவனத்தின் இன்ஸ்டகிராமும் த்ரெட்சும் அடுத்த அடியை வைத்தன. நீங்கள் பின்தொடராத ஒருவரின் அரசியல் பதிவைத் தாங்களாக உங்களுக்குப் பரிந்துரைக்கமாட்டோம் என்றன. வேண்டுமானால் நீங்களே அமைப்புக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படியொரு அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. பிறகு 2025 ஜனவரி 7ஆம் திகதி, டொனால்ட் ட்ரம்ப் இரண்டாவது தடவை பதவியேற்பதற்கு இரு வாரங்களுக்கும் குறைவாக இருந்தபோது, எல்லாம் தலைகீழானது. அரசியல் பதிவுகளை மீண்டும் காட்டப் போகிறோம் என்றது அதே நிறுவனம்.

அமெரிக்கத் தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து அரசியலைக் கூட்டுவதும் குறைப்பதும்கூட ஓர் அரசியல் முடிவு என்றே நான் நினைக்கிறேன். எங்கள் கைபேசியில் எது தெரியும், எது தெரியாது என்று தீர்மானிக்கும் அந்த மேசையில் திருகோணமலைக்கு ஒரு நாற்காலி இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதிவை அழிப்பது வேறு, பரிந்துரைக்காமல் விடுவது வேறு. அழித்தால் உங்களுக்குத் தெரியும், சண்டை பிடிக்கலாம். பரிந்துரைக்காமல் விட்டால் பதிவு அங்கேயே இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவிளக்கை அணைத்துவிட்ட கடை மாதிரி. ஏன் ஒருவரும் வரவில்லை என்று கடைக்காரருக்கு விளங்காது.

சரி, அரசியல் என்றால் என்ன? மெட்டா நிறுவனம் 2024இல் சொன்ன விளக்கம் இது: சட்டங்கள், தேர்தல்கள், சமூக விடயங்கள் ஆகியவற்றோடு தொடர்புபடக்கூடியவை. தேர்தல் சரி, விளங்குகிறது. ‘சமூக விடயங்கள்’ என்ற சொல்லுக்குள் எது அடங்காது?

[காட்சி: வரைபடம். சம்பூர், மூதூர், கொட்டியாரக் குடா.]

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்த அந்த ஊர் மக்கள், 2015இல்தான் தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் இந்திய உதவியுடன் அனல்மின் நிலையம் ஒன்று கட்டத் திட்டமிடப்பட்டது. மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்சக்தித் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது.

இப்போது இரண்டு பதிவுகளைக் கற்பனை செய்யுங்கள். ஒன்று, மின்சாரம் தரும் நிறுவனத்தின் விளம்பரம்: ‘நாட்டுக்கு ஒளி.’ மற்றது, சம்பூரில் ஓர் அம்மா தன் பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று, “இது எங்கள் வளவு” என்று சொல்லும் வீடியோ. ‘அரசியல் இல்லாத தளம்’ இவற்றில் எதை வடிகட்டும்? விளம்பரம் வணிகம் என்று தாண்டிப் போய்விடும். அம்மாவின் கிணறு அரசியல் என்று பிடிபடும்.

இது வெறும் கற்பனைக் கவலையல்ல. 2019 இறுதியில் டுவிட்டர் அரசியல் விளம்பரங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது இந்தக் கேள்வி உடனே எழுந்தது. எண்ணெய்க் கம்பனிகள் தங்களை நியாயப்படுத்தி விளம்பரம் செய்யலாம், காலநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் அமைப்புகள் செய்யக்கூடாதா என்று அமெரிக்க செனட்டர் எலிசபெத் வொரன் கேட்டார். டுவிட்டர் அந்த விதியைச் சற்று இளக்க வேண்டிவந்தது. உரிமையாளர் மாறிய பிறகு, 2023இல், அரசியல் விளம்பரத் தடையே தளர்த்தப்பட்டது.

கோடு கீறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு சம்பவம் இருக்கிறது. 2021 பெப்ரவரியில், அவுஸ்திரேலிய அரசு கொண்டுவந்த ஒரு சட்டத்தை எதிர்த்து, அந்த நாட்டில் செய்திகளைப் பகிர்வதை முகநூல் நிறுத்தியது. செய்தி நிறுவனங்களை மட்டும்தான் நிறுத்துவதாக இருந்தார்கள். ஆனால் காலநிலை அவதான நிலையத்தின் பக்கமும், சுகாதாரத் திணைக்களங்களின் பக்கங்களும், தீயணைப்புச் சேவைகளின் பக்கங்களும் சேர்ந்து மறைந்துபோயின. பிறகு திருத்தினார்கள். சூறாவளி எச்சரிக்கையை நம்பி வள்ளம் தள்ளும் ஒரு கரையிலிருந்து இதைக் கேட்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. வெருகலிலும் மூதூரிலும் வெள்ளம் ஏறும்போது, ‘அறிவித்தல் ஏன் எங்களுக்குத் தமிழில் வரவில்லை’ என்று ஒருவர் கேட்டால் அது அனர்த்தச் செய்தியா, மொழி உரிமையா, அரசியலா? மூன்றும்தான். வெள்ளத்துக்குள் நின்று அவற்றைப் பிரிக்க முடியாது.

[காட்சி: மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்குமிடம்.]

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசியல் வேண்டாம் என்று சொல்பவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. அவர்கள் பயந்திருக்கிறார்கள்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் முகநூலில் நெருப்பாகப் பரவின. சிங்களத்தில் எழுதப்பட்ட அவற்றை வாசித்து நீக்கப் போதிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் இல்லை. 2020 மே மாதத்தில், தங்கள் தளத்தால் நேர்ந்த மனித உரிமைப் பாதிப்புகளுக்காக முகநூல் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து! மகாவலி கண்டியிலிருந்து வந்து நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. அந்த மார்ச்சில் பயமும் அதே வழியாக வந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் மாவட்டம் இது. ஒரு பொய் போதும், கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் இடையில் பஸ் ஓடாமல் நிற்பதற்கு.

ஆனால் அந்த நெருப்பை மூட்டியது அரசியல் பேச்சு மட்டும்தானா? தளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எந்தப் பதிவுக்கு அதிகமானோர் எதிர்வினை காட்டுகிறார்களோ, அதை இன்னும் பலருக்குக் காட்டுவதுதான் அல்கோரிதத்தின் வேலை. 2017இல் முகநூல், ஒரு சாதாரண விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு பெறுமதியை உணர்ச்சிக் குறிகளுக்குக் கொடுத்தது. கோபமான முகமும் அவற்றில் ஒன்று. அதாவது ஒருவர் விரும்பினால் 1, ஒருவர் கோபப்பட்டால் 5. கோபக் குறியின் பெறுமதியைப் பூச்சியமாக்கியது 2020 செப்டெம்பரில்தான்.

திரும்பவும் யோசியுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் கத்தினால் அது அவருடைய குணம். கத்துகிறவனுக்கு மட்டும் ஒலிபெருக்கியை நீட்டுகிறவர் யார்? அவர் பிறகு வந்து, ‘இங்கே சத்தம் அதிகம், ஆகவே எல்லோரும் பேச்சை நிறுத்துங்கள்’ என்றால் அதை நான் ஏற்கமாட்டேன். நிறுத்த வேண்டியது ஒலிபெருக்கியை.

[காட்சி: இருண்ட திரை. ‘இணைப்பு இல்லை’ என்ற எழுத்து.]

நம் அரசாங்கங்களுக்கும் ஒரு வழி தெரியும்: எல்லாவற்றையும் மூடிவிடுவது. 2018 மார்ச்சில் மூடினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மூடினார்கள். அவை இரண்டும் உயிர் பயத்தில் நடந்தவை, அதனால் பலர் பொறுத்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மூடியதற்குக் காரணம் வேறு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்த மக்கள் வீதியில் இறங்கப் போகிறார்கள் என்பதுதான் அன்றைய பயம். முகநூல், டுவிட்டர், வட்ஸ்அப், யூடியூப் எல்லாம் நள்ளிரவில் நின்றன. ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, பிற்பகலில் திறந்துவிட்டார்கள். அதற்குள், தடையைச் சுற்றிப் போக உதவும் வீபீஎன் (VPN) என்றால் என்ன என்று பாடசாலைப் பிள்ளைகள் தாத்தாமாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் 9ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியை விட்டு விலகினார். மறுநாள் அவரை எங்கே கொண்டுவந்தார்கள்? இங்கே, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு. செய்தி கைபேசியில் வந்த வேகத்தில் தளத்தின் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்று எந்தத் தளமாவது ‘அரசியல் காட்டமாட்டோம்’ என்றிருந்தால், நம் ஊருக்கு வந்தவர் யார் என்பது நமக்கே கடைசியாகத்தான் தெரிந்திருக்கும்.

2024இல், இணையத்தில் என்ன சொல்லலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இலங்கையில் வந்தது. அதைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் ஆணைக்குழு ஒன்றை அந்தச் சட்டம் உருவாக்குகிறது. கோடு கீறும் கை கம்பனியிடமிருந்து அரசிடம் மாறினால் எனக்கு நிம்மதி வராது.

[காட்சி: இரவு. நகரக் கடற்கரை.]

அண்மைய சம்பவம் ஒன்றோடு இதைப் பொருத்திப் பாருங்கள். 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. நகரக் கடற்கரையில் உள்ள விகாரை வளவில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. இரவில் பொலிஸார் அதை அகற்றினார்கள். மறுநாள் அது திரும்பவும் வைக்கப்பட்டது. 2005இல் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே சிலை வைக்கப்பட்டு ஊரே கதவடைத்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் அந்த இரவில் தூக்கம் வந்திராது.

2005இல் எங்களுக்கு வதந்தியும் அடுத்த நாள் பத்திரிகையும்தான் இருந்தன. 2025இல் நேரலை இருந்தது. என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். அதே திரையில், நாட்டின் மறுகோடியில் இருந்து திருகோணமலையை ஒருநாளும் கண்டிராதவர்கள் எழுதிய வசைகளையும் பார்த்தோம். நேரலை எங்களுக்கு வேண்டும், வசை வேண்டாம். இரண்டும் ‘அரசியல்’ என்ற ஒரே பெட்டிக்குள் போடப்பட்டால் இரண்டும் சேர்ந்துதான் போகும், அல்லது இரண்டும் சேர்ந்துதான் வரும். என் வழக்கே இதுதான்: பெட்டி தவறு. பிரிக்க வேண்டியது அரசியலையும் அரசியலில்லாததையும் அல்ல. உண்மையையும் பொய்யையும், கோரிக்கையையும் கொலை மிரட்டலையும். அதற்கு மொழி தெரிந்த மனிதர்கள் வேண்டும். ‘வெட்ட வேண்டும்’ என்பது மரத்தைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா என்று தமிழ் வாசிக்கத் தெரிந்தவரால்தான் சொல்ல முடியும். அப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதைவிட ‘அரசியலைக் குறைக்கிறோம்’ என்று அறிவிப்பது கம்பனிக்கு மலிவு.

அப்படியானால் எங்கள் வட்ஸ்அப் குழுவின் விதி பிழையா? ஒரு சின்னக் குழுவுக்கு அந்த உரிமை உண்டு. விதி பிடிக்காவிட்டால் நான் விலகி, அடுத்த தெருவில் இன்னொன்று தொடங்கலாம். குழுவை நடத்துபவரைக் கடைத்தெருவில் கண்டு, ஏன் அழிக்கச் சொன்னீர்கள் என்று நேரில் கேட்கலாம். கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு கம்பனியை எந்தக் கடைத்தெருவில் காண்பது? சந்தை, தபால், பத்திரிகை, ஊர்க்கூட்டம் எல்லாம் அதற்குள் போய்விட்ட பிறகு, விலகிப் போவதற்கும் இடமில்லை.

[காட்சி: வாடிக்குள், அதாவது கரையோர மீனவர் கொட்டிலுக்குள், வலை பின்னும் கைகள்.]

நான் குழுவை நடத்துபவரைக் கேட்டேன். நல்ல மனிதர், கொரோனா காலத்தில் வீடு வீடாக அரிசி கொண்டுபோனவர். “தம்பி, எனக்குப் பயம். சுருக்குவலைக்காரர்களும் நம் குழுவில் இருக்கிறார்கள்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மதகுப் படத்தையும் நான் அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும்” என்றார்.

வாடியில் அந்த அண்ணரையும் போய்க் கண்டேன். குரல் பதிவை மறுபடி அனுப்புங்கள், நான் குழுவில் பேசுகிறேன் என்றேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான் மீனைப் பற்றித்தானே தம்பி சொன்னேன்.”

அவர் இன்றுவரை அதை அனுப்பவில்லை. குழுவில் இப்போதும் இருக்கிறார். மரண அறிவித்தல்களுக்கு மட்டும் கைகூப்பிய அடையாளம் ஒன்று போடுகிறார்.