கற்றுத்தர ஆளில்லாத வேலை: மார்கிரெட் கிரேவரின் கதை

[திரையில்: தடித்த வெள்ளித் தகடு. மேலே சுத்தி இறங்குகிறது.]

இந்தத் தகட்டை அடித்து அடித்துத்தான் கிண்ணமாக்க வேண்டும். எங்கே அடிப்பது, எத்தனை அடிக்குப் பிறகு வெள்ளி இறுகிப்போகும், எப்போது நெருப்பில் காட்டி இளக்குவது? புத்தகத்தில் பாதி இருக்கும். மீதி, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும்.

1930களின் அமெரிக்காவில் அப்படித் தெரிந்தவர்கள் அருகிப்போயிருந்தார்கள். மார்கிரெட் கிரேவர் 1907இல் பிறந்தவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விச்சிட்டா நகரில் நகை வேலையும் உலோக வேலையும் சொல்லிக்கொடுத்துவந்தார். ஆசிரியர் பதவியில் இருந்துகொண்டே மாணவியாகப் போவதற்கு அவர் கூச்சப்படவில்லை. 1938இல் ஸ்வீடனுக்குக் கப்பலேறினார். அங்கே எரிக் ஃபிளெமிங் என்ற வெள்ளிக் கலைஞரின் பட்டறை. ஃபிளெமிங் பிரபுக் குடும்பத்தவர். ஆனாலும் சுத்தி பிடித்தவர். தடித்த தகட்டை அடித்து நீட்டி எழுப்பும் முறையை கிரேவர் அவரிடம் கற்றார்.

[திரையில்: மருத்துவமனை மேசை. சிறு அரமும் செப்புத் தகடும்.]

பிறகு உலகப் போர் வந்தது. காயம்பட்ட வீரர்களின் விரல்களுக்கு மீண்டும் அசைவு வரவேண்டும்; அரம் பிடிப்பதும் தகடு வளைப்பதும் அதற்குப் பொருத்தமான பயிற்சி. வெள்ளி, தங்கம் சுத்திகரிக்கும் ஹேண்டி அண்டு ஹார்மன் நிறுவனத்தின் துணையோடு, இந்தச் சிகிச்சையைத் தருபவர்களுக்கு கிரேவர் உலோக வேலை கற்பித்தார்.

போர் முடிந்ததும் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1947 முதல் 1951 வரை, அதே நிறுவனத்தின் ஆதரவில், பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். சேர்த்துக்கொண்டது மாணவர்களை அல்ல, கல்லூரிகளில் வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர்களை. ஒரு மாணவர் கற்றால் ஒரு கிண்ணம் வரும். ஓர் ஆசிரியர் கற்றால் ஒரு துறையே எழும். கணக்கு தப்பவில்லை. அங்கே பயின்ற ஆல்மா ஐக்கர்மன் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உலோகக் கலைப் பிரிவை வளர்த்தெடுத்தார். எர்ல் பார்டன் ஸ்கிட்மோர் கல்லூரியில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தார். எனாமல் நகைகளுக்குப் பேர்பெற்றார்.

[திரையில்: கண்ணாடிப் பொடி உலையில் உருகிப் பளபளக்கிறது.]

கிரேவரின் எனாமல் கதை இதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. எனாமல் என்பது வண்ணக் கண்ணாடிப் பொடி. செம்பின் மேல் தூவி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ஓரிரு நிமிடங்களில் உருகி ஒட்டிக்கொள்ளும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஆகவே அடித்தளத்துக்கு ஆபத்தில்லை.

'ஆன் ரெசில்' என்ற பழைய பிரெஞ்சு முறையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடித்தளமே கண்ணாடி. அதில் பள்ளம் செதுக்கி, பொன் தாள் பதித்து, மேலே எனாமல் நிரப்பிச் சுட வேண்டும். எனாமல் உருக வேண்டும், கீழே உள்ள கண்ணாடி உருகக் கூடாது. சற்றே சூடு மிஞ்சினால் இரண்டும் குழம்பிவிடும். 17ஆம் நூற்றாண்டில் கொஞ்ச காலம் புழங்கிய இந்த வித்தைக்கு ஃபிளெமிங் போல ஒருவரைத் தேடிப் போக வழியில்லை. தெரிந்தவர்கள் செத்துப்போய் முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

எனவே உலையையே ஆசிரியராக வைத்துக்கொண்டார். பத்து ஆண்டுகளுக்கும் மேல் சோதித்தார்.

[திரையில்: உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி (ப்ரூச்) ஒன்று. பின்னாலிருந்து வெளிச்சம்.]

கிடைத்தது இதுபோன்ற வேலைப்பாடு. வண்ணத்துக்குப் பின்னால் உலோகத் தகடு இல்லை. பொன் தாள்கள் கண்ணாடிக்குள்ளேயே மிதக்கின்றன.