ஒரே கிரியேட்டினின், இரண்டு சிறுநீரகம்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் 55 வயது. இரண்டு பேருக்கும் கிரியேட்டினின் 1.2. ஆம்பிளைகளுக்குத்தான் கிட்னி கெதியாகப் பழுதாகுமாம். அப்பாவை நினைக்கப் பயமாக இருக்கிறது, டொக்டர்." இரண்டு நாளாக இந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை.

கேள்விப்பட்டது சரிதான், தங்கச்சி. சராசரியாக ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றும். டயாலிசிஸ் செய்பவர்களிலும் ஆண்களே கூட. புகையும் பிரஷரும் அதற்கு ஒரு காரணம். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காவலாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் உலகக் கணக்கில், நாட்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாக இருப்பது பெண்களுக்கு.

சரி, நீங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். முந்திய வீடியோக்களில் சொன்னதுதான், திரும்பவும் சொல்கிறேன்: கிரியேட்டினின் தசையில் இருந்து வரும் கழிவு. நெல் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பில் அது கூட உண்டாகும், அம்மாவின் மெல்லிய உடம்பில் குறைய உண்டாகும். குறைய உண்டாகியும் இரத்தத்தில் அதே 1.2 நிற்கிறதென்றால், வடிகட்டுவது எங்கே குறைந்திருக்கிறது? கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு 71 வருகிறது. அம்மாவுக்கு 53! அது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட நோய் என்றுதான் எடுப்போம். ரிப்போர்ட்டில் இருப்பது ஒரே எண், சிறுநீரகம் ஒரே நிலையில் இல்லை.

படுவான்கரையில் இருந்து ஒரு அம்மா வருவார். கணவரின் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஒரு தவணை தவறாமல் கொண்டுவருவார். ஒருநாள் அந்த அம்மாவின் கால் வீங்கியிருந்ததை நான்தான் கண்டேன். கேட்டால், "நின்று வேலை செய்தது, ஐயா" என்றார். பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் ஏறியதாம், அதன்பிறகு ஒருநாளும் பார்க்கவில்லையாம். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்புக் கூட. அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சோதித்தபோது கணவரை விட இவருடைய சிறுநீரகம்தான் மோசமாக இருந்தது. அன்று எனக்குச் சரியான கவலை.

ஆகவே, தங்கச்சி, அம்மாவிடம் அந்தப் பிரஷர் கதையைக் கேளுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று இருவருக்கும் பாருங்கள். கிளினிக்குக்குப் போனால் முதல் துண்டை அம்மாவின் பெயரில் எடுங்கள்.