வளவில் விழும் மழை ஊருணிக்குப் போகும் வழி

[காட்சி: மழை நாள். செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவு, அதாவது நடுவில் திறந்த முற்றம் உள்ள பகுதி. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது.]

வணக்கம். பேசுவதற்கு முன்னால் இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

வளவைச் சுற்றியுள்ள ஓட்டுச் சரிவெல்லாம் உள்பக்கம் பார்த்து இறங்குகிறது. அதனால் கூரை மழை வீட்டுக்குள்ளேயே வந்து விழும். முதல் மழையில் ஓடு கழுவிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்கு மூலைக்கு ஓர் அண்டாவை வைத்துவிடுவார்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். இங்கே வீடுகள் எவ்வளவு பெரியவை என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அண்டா நிறைந்த பிறகு? மிச்சத் தண்ணீர் முற்றத்துக் கல்லில் இருக்கும் துளை வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து ஊரின் குடிநீர்க் குளமான ஊருணிக்கு.

[காட்சி: செம்பூராங்கல் படிகள் இறங்கும் ஊருணி.]

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நின்றுபோகிறது. கடல் கடந்து சம்பாதித்து, பர்மா தேக்கில் தூண் நிறுத்திய வீடு. ஆனால் அதன் கூரையில் விழுந்த மழை, வீட்டுக்கு வேண்டியது போக, ஊருக்குப் போய்ச் சேருகிறது. வீடு கட்டும்போதே அதற்கு வழி வைத்துவிட்டார்கள்.

வற்றாத ஆறு இல்லாத வறண்ட பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பதை வைத்துக் கோடையைத் தாண்ட வேண்டும். அதனால் தண்ணீருக்கு வேலை பிரித்து வைத்தார்கள். வயலுக்குக் கண்மாய். குடிக்க ஊருணி. ஊருணியில் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, செருப்போடு படியில் கால் வைக்கக் கூடாது. சேந்தி வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால், குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பார்கள். மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும்.

காவல்காரர் இல்லாமல் இத்தனை கட்டுப்பாடும் எப்படி நின்றது? கரையில் ஒரு பிள்ளையாரோ அய்யனாரோ இருப்பார். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். இதை வெறும் பயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் குடித்து முடித்த பிறகு இன்னொரு வீட்டுக் குடம் வரும் என்கிற நினைப்பு அந்தக் கும்பிடுக்குள் இருந்தது. இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் பிள்ளையார்பட்டிக்கோ வைரவன்பட்டிக்கோ போனால், குளத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். தெய்வத்தையும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

[காட்சி: சூளையில் அடுக்கிய மண் குதிரைகள்.]

அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும் திருவிழாவான புரவியெடுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதன் பிறகுதான் குதிரை செய்யத் தொடங்குவார். குளத்து மண்ணில் உருவாகும் அந்தக் குதிரைகள் அய்யனார் கோயிலில் வெயிலும் மழையும் பட்டு மறுபடி மண்ணாகும். குதிரைக்கு எடுக்கும் மண் கொஞ்சம்தான், அதனால் கண்மாய் ஆழமாகிவிடாது. ஆழப்படுத்தியது குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, கோடையில் வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள். அதே பெயரில் தமிழக அரசு 2017-ல் ஒரு திட்டமும் கொண்டுவந்தது.

[காட்சி: பூட்டிய வீடு. அப்புறம், புதர் மண்டிய வாய்க்கால்.]

இப்போது என்ன ஆயிற்று? குழாய் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, கேன் தண்ணீர் வந்தது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வந்து போகிறார்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் சில இடங்களில் சிமெண்டுத் தளம் ஏறியிருக்கிறது. மிச்ச இடத்தில் சீமைக்கருவேல்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். கோயிலுக்குக் குடமுழுக்கு என்றால் நாம் கை தாராளமாகக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அதே கோயில் குளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. கரைக்கு வேலி போட்டு, வண்ணம் அடித்து, நடைபாதையும் போட்டுவிட்டு வரத்தை மட்டும் அடைத்து வைத்தால் அது காய்ந்த பள்ளம்தான். பணத்தையும் உழைப்பையும் முதலில் வரத்துக்காலில் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருணிக்குள் தண்ணீர் நுழையும் மடையிலிருந்து தொடங்கி, வரத்துக்கால் வந்த வழியே பின்னோக்கி நடந்து போங்கள். ஊரில் வயதான ஆச்சி ஒருவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். "ஆச்சி, முன்னெல்லாம் தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டால் போதும், கையை நீட்டிக் காட்டிவிடுவார். அடைபட்ட இடங்களைக் குறித்து, ஊர்க் கூட்டத்திலும் ஊராட்சியிலும் சொல்லுங்கள். மாடி வீடாக இருந்தாலும் கூரைக் குழாயின் வாயைத் தெருச் சாக்கடையிலிருந்து திருப்பிவிடலாம். தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது.

[காட்சி: வானம் இருட்டுகிறது. ஊருணிப் படியில் செருப்புகளைக் கழற்றி வைத்த சிலர்.]

அப்புறம், ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மடையில் சிவப்பாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்கும். அதில் உங்கள் வீட்டுக் கூரையில் விழுந்ததும் இருக்கும், எதிர் வீட்டுக் கூரையில் விழுந்ததும் இருக்கும்.